லெட்டர்பேடில் ஒரு தேசிய அணி

2023 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் டைக்கா வைட்டிட்டியின் ‘நெக்ஸ்ட் கோல் வின்ஸ்’ முதல்முறையாகத் திரையிடப்பட்டது. ஒரே ஆட்டத்தில் 31 கோல் வாங்கிய அமெரிக்கன் சமோவா கால்பந்து அணியின் கதை. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு இலங்கைக் கால்பந்தாட்டச் சம்மேளனத்தின் மீதிருந்த இடைநீக்கத்தை ஃபிஃபா விலக்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதம் இலங்கை என்கிற கால்பந்து நாடு உலகத்தில் இல்லாமல் இருந்து, மறுபடி இருக்கத் தொடங்கியது. முதல் செய்தி எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. டிரெய்லர் பார்த்தோம், சிரித்தோம். இரண்டாவது செய்தி நம்மில் எத்தனை பேர் கண்ணில் பட்டது?

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சின்ன நாட்டுக் கால்பந்தைப் பற்றி நாம் எழுதும், எடுக்கும், ரசிக்கும் கதைகளில் மைதானம் இருக்கிறது, டிரெஸ்ஸிங் ரூம் இருக்கிறது, பயிற்சியாளரின் கண்ணீர் இருக்கிறது. ஆபீஸ் மட்டும் இல்லை. ஃபைல், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, வாக்காளர் பட்டியல் இருக்கிற அந்த அறைக்குள் கேமரா போவதேயில்லை. போனாலும் அங்கே ஒரு கோமாளியோ ஒரு வில்லனோதான் உட்கார்ந்திருக்கிறார். இது கலைக்குறை என்பதைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

‘நெக்ஸ்ட் கோல் வின்ஸ்’ என்ற பெயரிலேயே 2014இல் மைக் பிரெட், ஸ்டீவ் ஜேமிசன் இருவரும் எடுத்த ஆவணப்படம் ஒன்று உண்டு. வைட்டிட்டி அதைத்தான் கதைப்படமாக்கினார். ஆவணப்படம் அருமையான படம். கதைப்படம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அதில் ஆஸ்கர் கைட்லி நடித்த டவிட்டா என்கிற பாத்திரத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தத் தீவின் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் அவர்தான். கூடவே வேறு வேலைகளும் பார்க்கிறார். பந்தயத்தில் தோற்றதற்காக முகத்தில் கண்டதையும் வரைந்துவிட்டிருக்கிறார்கள், அதோடேயே ஊரைச் சுற்றுகிறார். அவர் கேட்பது கோப்பையை அல்ல, ஒரே ஒரு கோலை. நம்ம ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர்களில் ஒருவரை நினைவுபடுத்துகிற மனுஷன்: அதிகாரம் கிடையாது, பொறுப்பு மட்டும் ஏகத்துக்கு இருக்கும்.

ஆனால் படம் முழுக்க டவிட்டா உருப்படியாக ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை. அந்த 31 கோலின் கதையோ ஒரு ஃபைலில்தான் இருக்கிறது. 2001 ஏப்ரல் 11, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர். ஆட்டத்துக்கு முன் ஃபிஃபாவின் தகுதி விதி குறுக்கே வந்தது: அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்தான் அமெரிக்கன் சமோவாவுக்கு ஆடலாம். வழக்கமான அணியில் கோல்கீப்பர் நிக்கி சலாப்பு ஒருவர்தான் தேறினார். சரி, இருபது வயதுக்குட்பட்டோர் அணியைக் கூப்பிடலாம் என்றால் அவர்களில் பலருக்குப் பள்ளித் தேர்வு. கடைசியில் பதினைந்து வயதுப் பையன்களையும் சேர்த்து ஓர் அணி இறங்கியது. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல் அடித்தார். ஸ்கோர்போர்டே குழம்பி 32 என்று காட்டி, பிறகு 31 ஆகத் திருத்தப்பட்டது. எதிரணி அடித்த 31 கோலில் பாதிக்கு மேல் பாஸ்போர்ட் கவுன்ட்டரில் விழுந்தவை என்றுதான் நான் கணக்கு வைப்பேன். இந்தப் பாஸ்போர்ட் விவகாரத்துக்கு வைட்டிட்டியின் படத்தில் எடை கிடையாது. அவருக்குத் தேவை ஒரு காயம், அதை ஆற்ற வரும் ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளர், கடைசியில் 2011இல் டோங்காவை 2-1 என்று ஜெயிக்கும் அந்த நாள். மூன்றும் உண்மையில் நடந்தவைதான். ஆனாலும் காயம் எங்கிருந்து வந்தது என்று கேட்காத படம் அது.

நம் சினிமாவில் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இங்கே ஆபீஸில் இருப்பவர் வில்லன். அட்லியின் ‘பிகில்’ (2019) படத்தில் ஜாக்கி ஷெராஃப் நடித்த ஜே.கே. சர்மா கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர். நாயகன் மீது பழைய பகை. அந்தப் பகைதான் ஓர் அணியின் தலையெழுத்து. சுசீந்திரனின் ‘ஜீவா’ (2014) கிரிக்கெட் தேர்வில் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நேராகவே சொன்ன படம், அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அங்கேயும் கெடுதல் ஓர் ஆளின் முகத்தில் இருக்கிறது. அந்த ஆளை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு தியேட்டரை விட்டு வருகிறோம்.

‘பிகில்’ வந்து மூன்று வருஷத்தில் நிஜக் கூட்டமைப்புக்கு நடந்ததைப் பாருங்கள். பிரஃபுல் படேலின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை; உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழு ஒன்றை நியமித்தது; ‘வெளியார் தலையீடு’ என்று சொல்லி 2022 ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அப்போது கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானில் போய் இறங்கியிருந்தது. ஆடாமலே திரும்பி வந்தார்கள். அந்தப் பெண்களுக்கு வில்லன் யார்? படேலா, நீதிமன்றமா, சூரிக்கில் கையெழுத்துப் போட்டவரா? மூன்று பேரும் தத்தம் சட்டப் புத்தகத்தின்படி சரியாகவே நடந்ததாகச் சொல்வார்கள். அட்லியால் இதை எடுக்க முடியாது. ஏன், யாராலும் எடுக்க முடியவில்லை. இடைநீக்கம் பதினோரு நாளில் முடிந்து, செப்டம்பர் 2இல் நடந்த தேர்தலில் பைச்சுங் பூட்டியா, இந்தியா கண்ட பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர், கல்யாண் சௌபேயிடம் 33-1 என்று தோற்றார். அமெரிக்கன் சமோவாவே ஒரு கோலும் போடாமல் 31தான் வாங்கியது. இவர் ஒன்று போட்டுவிட்டு 33 வாங்கினார். ஓட்டுப் போட்டவர்கள் மாநிலச் சங்கங்கள், ஆட்டக்காரர்கள் அல்ல.

இந்த ஆபீஸ் அப்படி என்னதான் செய்கிறது? கால்பந்தை அது ஆடுவதில்லை. பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. பின்னே?

நான் இருக்கும் திருப்பூரில் இதைப் புரிந்துகொள்ள ஃபிஃபாவின் சட்டத்தொகுப்பு தேவையில்லை. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து காதர்பேட்டைக்குள் நுழைந்தால் போதும். கடை வாசல்வரை பனியன் பண்டல்கள், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டுகள், கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் போகிற மூட்டைகள். உலகக் கோப்பை வருகிற வருஷம் அர்ஜென்டினாவின் வெள்ளை-நீலமும் பிரேசிலின் மஞ்சளும் கொடி மாதிரித் தொங்கும். இந்தச் சந்தைக்கு நன்றாகத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. ஒரே நூல், ஒரே நிட்டிங், ஒரே சாயம், ஒரே தையல்காரர். ஒரு பீஸ் ஐரோப்பாவுக்குப் போய் கண்ணாடி ஷோரூமில் தொங்குகிறது. பையர் வேண்டாம் என்று கழித்த இன்னொரு பீஸ், கழுத்தில் லேபிளை வெட்டிவிட்டு இங்கே வருகிறது. விலை பத்தில் ஒரு பங்கு. துணியில் எந்த வித்தியாசமும் இல்லை. பகலில் நான் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் ஸ்டாக் கணக்கில்கூட லேபிள் உள்ளதும் லேபிள் வெட்டியதும் இரண்டு தனி வரிகள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவை இரண்டு வெவ்வேறு பொருள்.

தேசியச் சம்மேளனம் என்பது அந்த லேபிள். பதினொரு பேர் பந்தை உதைத்தால் அது பதினொரு பேர். சட்டையின் இடது மார்பில் அந்தச் சின்னம் தைக்கப்பட்டால் அது நாடு.

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே ஒரு ஜெர்சி கடையில் இலங்கைக் கால்பந்து அணியின் சட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “ஸ்ரீலங்காவா? கிரிக்கெட்டுதானுங்களே?” என்றார் கடைக்காரர். ஃபுட்பால் என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தார். “அப்படியொண்ணு வந்ததே இல்லீங்க தம்பி. லோகோ படம் இருந்தா வாட்ஸப்புல போடுங்க, நூறு பீஸுன்னா அடிச்சுக் குடுத்தறலாமுங்க.” எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு மாதம் கொழும்பில் எவராலும் மீட்டெடுக்க முடியாத அந்தச் சின்னத்தை இவர் நாலு நாளில் நூறு பிரதி எடுத்துத் தந்துவிடுவார்.

ஐக்கிய நாடுகள் சபையில் 193 உறுப்பினர்கள். ஃபிஃபாவில் 211. அந்தக் கூடுதலான பதினெட்டில்தான் சுவாரசியம். அமெரிக்கன் சமோவா தனி நாடு இல்லை, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. ஜனத்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டி, திருப்பூரின் நாலு வார்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஃபிஃபா மாநாட்டில் அதற்கும் ஓர் ஓட்டு, பிரேசிலுக்கும் ஓர் ஓட்டு. டேட்டாபேஸ் மொழியில் சொன்னால் 211 வரிசைகள் கொண்ட ஒரு டேபிள், ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துச் சாவி. இடைநீக்கம் என்றால் அந்த வரிசையை அழித்துவிடுவதில்லை. ஸ்டேட்டஸ் என்கிற ஒரு கட்டத்தை மட்டும் மாற்றுகிறார்கள். எங்கள் தொழிலில் இதை சாஃப்ட் டெலீட் என்போம். தரவு அப்படியே இருக்கும், கேட்டால் மட்டும் வராது.

2023 ஜனவரி 21இல் இலங்கையின் வரிசைக்கு அதுதான் நடந்தது.

இலங்கைச் சம்மேளனம் புதிதாக முளைத்த ஒன்றில்லை. 1939இல் தொடங்கி, 1952இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதியில் இந்தியாவை 1-0 என்று வென்ற அணி அவர்களுடையது. (இந்தத் தகவலைச் சொன்னால் இங்கே கால்பந்து பார்க்கும் நண்பர்களே நம்ப மறுக்கிறார்கள்.) 2006இல் ஆசிய சேலஞ்ச் கோப்பையின் இறுதி வரை போனார்கள். பிறகு சரிவு. தரவரிசையில் இருநூறுக்குக் கீழே போனார்கள். அதற்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது: சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் மணிலால் பெர்னாண்டோ, ஃபிஃபாவின் செயற்குழுவரை போனவர், 2013 ஏப்ரலில் நெறிமுறைக் குழுவால் எட்டு வருஷத் தடைக்கு ஆளானார். மேல்முறையீடு செய்தார். அங்கே தடை ஆயுள்காலத் தடையாக ஏறியது. மேல்முறையீட்டில் தண்டனை குறைவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்.

2021 நவம்பரில் கொழும்பில் மாலத்தீவு, வங்கதேசம், சீஷெல்ஸ், இலங்கை நான்கும் ஆடிய போட்டி ஒன்று நடந்தது. பெயர் ‘பிரதமர் மகிந்த ராஜபக்ச கிண்ணம்’. இறுதியில் இலங்கை பெனால்டியில் சீஷெல்ஸிடம் தோற்றது. பெயரை இன்னொருமுறை படியுங்கள். பதவியில் இருக்கும் பிரதமரின் பெயர் கோப்பையில். அரசாங்கமும் சம்மேளனமும் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சட்டமும் அப்படித்தான்: 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கே விளையாட்டு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஃபிஃபாவின் சட்டமோ சம்மேளனம் வெளியார் யார் தலையீடும் இல்லாமல் தன் காரியத்தைத் தானே பார்க்க வேண்டும் என்கிறது. ஒரே ஆபீஸுக்கு இரண்டு முதலாளிகள், இரண்டு சட்டப் புத்தகங்கள். இரண்டும் ஒத்துப்போகிற நாட்களில் யாரும் கவனிப்பதில்லை.

2023 ஜனவரி 14இல் தேர்தல் நடந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் தொலைக்காட்சியில் ‘மின்னல்’ நிகழ்ச்சியால் தமிழர்களிடம் அறிமுகமானவருமான ஜே. ஸ்ரீரங்கா தலைவராகத் தேர்வானார். அதற்கு முன் தலைவராக இருந்தவர் ஜஸ்வர் உமர். தேர்தல் நடந்த விதத்தை ஃபிஃபா ஏற்கவில்லை. சரியாக ஒரு வாரத்தில் இடைநீக்கம். அந்த ஜூனில் பெங்களூரில், நம் பக்கத்து வீட்டில், தெற்காசியச் சாம்பியன்ஷிப் நடந்தது. சுனில் சேத்ரி பாகிஸ்தானுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்து ஆடின. இலங்கை இல்லை. ஆகஸ்ட் கடைசியில் தடை விலகியது, செப்டம்பர் 29இல் மறுதேர்தல், ஜஸ்வர் உமர் மீண்டும் தலைவர். இரண்டே வாரத்தில், அக்டோபர் 12இல், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் யேமனுடன் ஆட்டம். 3-0 தோல்வி. 17ஆம் தேதி கொழும்பில் 1-1 சமன். அதோடு 2026 உலகக் கோப்பை அவர்களுக்கு முடிந்துபோனது.

அதே நவம்பரில் இலங்கை கிரிக்கெட் வாரியத்தை அமைச்சர் கலைத்தார், ஐசிசி இடைநீக்கம் செய்தது. அந்தச் செய்தி காதர்பேட்டை டீக்கடை வரைக்கும் வந்தது. அதே ஆட்சி, அதே அமைச்சகம், அதே நோய். கிரிக்கெட்டுக்கு என்றால் உலகச் செய்தி, கால்பந்துக்கு என்றால் ஒரு பெட்டிச் செய்தி. இலங்கையில் கால்பந்து யாருடைய ஆட்டம் என்பதையும் இங்கே யோசிக்கலாம். மன்னார், யாழ்ப்பாணம், கொழும்பின் முஸ்லிம் குடியிருப்புகள் என்று அது வேர்விட்ட இடங்களை எண்ணினாலே கிரிக்கெட்டின் வரைபடத்திலிருந்து அது எவ்வளவு விலகியது என்று தெரியும்.

இந்த இடத்தில் நல்லவன் கெட்டவன் கதை உடைந்துவிடுகிறது. அமைச்சரின் தலையீட்டை எதிர்க்கிறோம், சரி. அப்படியானால் ஃபிஃபா ஜனநாயகத்தின் காவலனா? ஒரு நாட்டுச் சம்மேளனத்துக்குள் ஓட்டு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், ஊர் ஊராக இருக்கும் லீக்குகளிடம். ஒரு சின்ன ஊர் லீக்குக்கு என்ன வேண்டும்? பந்து, நெட், வேனுக்கு டீசல், கரடுமுரடு இல்லாத ஒரு மைதானம். ரொம்ப நியாயமான ஆசைகள். அதனாலேயே மலிவாக நிறைவேற்றக் கூடியவை. தலைவராக நினைப்பவர் அதைச் செய்கிறார், ஓட்டு வருகிறது. இப்போது ஒரு படி மேலே ஏறுங்கள். ஃபிஃபா மாநாட்டில் அமெரிக்கன் சமோவாவும் இலங்கையும் அந்தச் சின்ன லீக்கின் இடத்தில் நிற்கின்றன. 2023இலிருந்து 2026 வரையான நாலு வருஷத்துக்கு ஒவ்வொரு உறுப்பினருக்கும் எண்பது லட்சம் டாலர் வரை என்கிறது ஃபிஃபாவின் வளர்ச்சித் திட்டம். பிரேசிலுக்கு அது சில்லறை, சின்ன நாட்டுக்கு அதுதான் வாழ்வு. பந்தும் டீசலும் கேட்ட லீக் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த அதே வழியில் அந்தத் தலைவரும் தனக்கு மேலே உள்ள தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார். தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன். ரிகர்ஷன் எழுதியவர்களுக்குத் தெரியும், எங்கேயாவது ஒரு நிறுத்தக் கட்டளை வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாக் நிரம்பி வழியும்.

இதையெல்லாம் கதையாக்கவே முடியாது, சலிப்பூட்டும் என்பது ஒரு பதில். ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் ஒரு படம் இதைக் கிட்டத்தட்ட செய்திருக்கிறது. கால்பந்தைப் பற்றிய படம்கூட இல்லை அது.

உபெர்த்தோ பசோலினியின் ‘மச்சான்’ (2008). ‘தி ஃபுல் மான்ட்டி’யைத் தயாரித்த இத்தாலியர், ருவந்தி டி சிக்கேராவுடன் சேர்ந்து எழுதி, கொழும்பில் சிங்களத்தில் எடுத்த படம். 2004இல் நடந்த நிகழ்ச்சி அதற்கு ஆதாரம்: இலங்கையின் ‘தேசிய ஹேண்ட்பால் அணி’ என்று 23 பேர் ஜெர்மனியின் பவேரியாவுக்குப் போய் இறங்கினார்கள், ஆடினார்கள், தோற்றார்கள், பிறகு ஒருநாள் காலையில் மொத்தமாகக் காணாமல் போனார்கள். இலங்கைக்கு அப்படியொரு தேசிய அணியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. படத்தில் இவர்கள் விசா மறுக்கப்பட்டு அலுத்துப்போன கொழும்புக் குடிசைவாசிகள். ஹோட்டலில் வேலை பார்ப்பவன், கடன்காரனுக்கு ஒளிகிறவன், ஊருக்குள் எதுவும் ஆகாது என்று முடிவுக்கு வந்தவர்கள். தனி மனிதனாகப் போய் நின்றால் தூதரகத்தில் கதவு திறக்காது. ‘தேசிய அணி’ என்று போனால் திறக்கும். யாருக்கும் ஆட்ட விதி தெரியாது. அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை, காகிதம் சரியாக இருந்தது.

இந்தப் படத்தை எல்லோரும் புலம்பெயர்தல் பற்றிய நகைச்சுவை என்று பாராட்டினார்கள். எனக்கு அது ஒரு சம்மேளனம் பிறக்கிற கதை. நாட்டின் பெயர், ஒரு லெட்டர்பேடு, ஒரே நிறத்தில் சட்டைகள், கையெழுத்துப் போடத் துணிந்த ஒரு கை. உண்மையான சம்மேளனத்திடம் இருப்பதும் இதே நாலு சாமான்தானே என்று படம் பார்க்கப் பார்க்க உறைத்தது. காதர்பேட்டைக் கடைக்காரர் அடித்துத் தருவதாகச் சொன்ன அந்த நூறு பீஸ் இதுதான். பவேரியாவில் அதை அணிந்து இறங்கியவர்களை ஜெர்மனி சில நாள் நாடு என்றே நம்பியது. பசோலினியின் பெரிய பலம், அவர் யாரையும் கேலி செய்வதில்லை. தர்மபிரிய டயஸும் தர்ஷன் தர்மராஜும் அந்த மனிதர்களை ஏமாற்றுக்காரர்களாக நடிக்கவில்லை, விண்ணப்பதாரர்களாக நடித்தார்கள். பலவீனமும் உண்டு. படம் ஓடிப்போகிறவர்கள் பக்கமே நிற்பதால், லெட்டர்பேடு உண்மையாக இருந்தும் ஆட முடியாதவர்கள் அதில் வர வாய்ப்பில்லை. 2023இன் இலங்கை வீரர்கள் ‘மச்சான்’ படத்தின் தலைகீழ்ப் பிரதி. அவர்களிடம் ஆட்டம் இருந்தது, காகிதம் இல்லை.

நாவலில் இந்த அறையைத் திறந்தவர் ஷெஹான் கருணதிலக. ‘சைனாமேன்’ கிரிக்கெட் நாவல். தமிழ்த் தகப்பனுக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த பிரதீப் மேத்யூ என்ற சுழற்பந்து வீச்சாளனை, குடியால் சாகக் கிடக்கும் ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர் தேடிப்போகிறார். மேத்யூ எல்லோரையும்விடப் பெரிய வீச்சாளன். ஆனால் பதிவேடுகளில் இல்லை. கருணதிலக கண்டுபிடித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்: ஒரு விளையாட்டு வாரியத்தின் மிகப் பெரிய அதிகாரம் யாரை ஆட வைப்பது என்பதில் இல்லை, யார் ஆடினார் என்று எழுதி வைப்பதில் இருக்கிறது. நாவல் நீளம், குடிகாரப் பேச்சுபோல் கிளை கிளையாகப் போகும், சில இடங்களில் எனக்குப் பொறுமை போனது. ஆனாலும் ஆபீஸை மனித உருவம் தராமலே பயமுறுத்தும் பாத்திரமாக்கிய எழுத்து நம் பிராந்தியத்தில் வேறு எனக்குத் தெரியாது.

பதிவேட்டில் இல்லாத ஆட்டம் என்றதும் லண்டன் 2018 நினைவுக்கு வருகிறது. ஃபிஃபாவில் சேர முடியாதவர்களுக்கான கொனிஃபா என்ற அமைப்பு நடத்திய உலகக் கோப்பை, 16 அணிகள். திபெத் ஆடியது, வடக்கு சைப்ரஸ் ஆடியது, தமிழீழம் என்ற பெயரில் புலம்பெயர்ந்த தமிழர்களின் அணியும் ஆடியது. அவர்களுக்கும் ஒரு சங்கம், ஒரு சின்னம், ஒரு லெட்டர்பேடு. தோற்றார்கள் என்பது முக்கியமில்லை. அந்தப் பையன்கள் அங்கே ஓடிய ஒவ்வொரு நிமிஷமும் ஃபிஃபாவின் டேபிளில் நல், வெற்று. சுதந்திர நாடாக உலகம் ஏற்றிருக்க வேண்டும், அல்லது தாய்நாட்டுச் சம்மேளனம் அனுமதி தர வேண்டும் என்பது சேர்க்கை விதி. அமெரிக்கன் சமோவாவுக்குத் திறந்த கதவு இவர்களுக்கு எப்போதும் திறக்காது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வெறுமையிலேயே ஒரு விசித்திரமும் ஒளிந்திருக்கிறது. கொனிஃபாவில் ஆடியது ஃபிஃபா கணக்கில் ஆட்டமே இல்லை என்பதால், அங்கே ஆடியவர் நாளைக்கு இலங்கைக்கு ஆட எந்தத் தடையும் இல்லை. சமீப வருஷங்களில் சம்மேளனம் வெளிநாடுகளில் பிறந்த இலங்கை வம்சாவளி வீரர்களைத் தேடிப் பிடிக்கிறது. ஜெர்மனியிலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து, சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ்ப் பெயர்களோடும் வீரர்கள் வந்து அந்தச் சட்டையைப் போடுகிறார்கள். அணி முன்னைவிட நன்றாகவும் ஆடுகிறது. 2024இல் கம்போடியாவைப் பெனால்டியில் வீழ்த்தி ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குள் போனார்கள். இதைத் துரோகம் என்பவர்களும் நல்லிணக்கம் என்பவர்களும் இணையத்தில் சண்டை போடுகிறார்கள். இரண்டு பக்கமும் சட்டையைப் பார்த்துப் பேசுகிறது.

நான் பார்க்க விரும்புவது சட்டைக்கு முந்தைய காகிதத்தை. ஃபிஃபா விதிப்படி அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமல் அந்த நாட்டுக்கு ஆட முடியாது. 83க்குப் பிறகு எப்படியோ ஐரோப்பா வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அகதி விண்ணப்பத்தில் அந்த நாட்டுக்கு என்னால் திரும்பிப் போக முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்ட அப்பா. முப்பது வருஷம் கழித்து அந்த நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பம் நிரப்புகிற மகன். கூடவே கொழும்பிலிருந்து வந்த சம்மேளனத்தின் கடிதம், மேலே அந்தச் சின்னம் அச்சிட்ட லெட்டர்பேடில். மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தகப்பன் பிறந்த ஊர், கிராம அலுவலர் பிரிவு, மாவட்டம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவன் பேனாவை அப்பாவிடம் நீட்டுகிறான்.